சரக்கு எங்கே, கணக்கு எங்கே? கிளவுட் சாப்ட்வேரும் ஜோஹோவின் வளர்ச்சியும்

சிறு வியாபாரம் செய்யும் வீடுகளில் கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும் முதலில் வரும் யோசனை, "ஸ்டாக் கணக்கை இதில் ஏற்றிவிடலாமே" என்பதுதான். அப்பா எக்ஸெல் போதும் என்பார். கல்லூரியில் படிக்கும் மகளோ, "எல்லாம் கிளவுடில் வந்துவிட்டது அப்பா, மாதாமாதம் பணம் கட்டினால் போதும்" என்பார். கிளவுட் என்றால் என்ன? இதை விற்கும் நிறுவனங்கள் எப்படி வளர்ந்தன? நம் கணக்கை நம்பி அவர்களிடம் கொடுக்கலாமா? இவற்றை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

முதலில் சப்ளை செயின் என்ற சொல். எங்கள் எடப்பாடிப் பக்கம் விசைத்தறிதான் பிரதானம். துண்டு வியாபாரம் செய்பவர் நூல் வாங்குகிறார். அது சாயப்பட்டறைக்குப் போகிறது. பிறகு பாவு ஓட்டுபவரிடம் போகிறது. பாவு, கூலிக்கு நெய்யும் பல தறிக்காரர்களுக்குப் பிரிந்து போகிறது. நெய்து வந்ததை மடித்து, பேல் கட்டி, ஈரோட்டுக்கோ வட மாநிலங்களுக்கோ லாரியில் ஏற்றுகிறார்கள். சரக்கு ஒருவருடையது; அது இருப்பதோ ஏழெட்டு பேர் கையில். இந்தத் தொடர்தான் சப்ளை செயின். எந்த நேரத்தில், எவ்வளவு, எவரிடம் இருக்கிறது என்று சொல்வதுதான் சப்ளை செயின் சாப்ட்வேரின் வேலை.

ஒரு சிறு கணக்கு. ஒரு துண்டுக்கு 200 கிராம் நூல் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கொடுத்தால், கழிவு 2 கிலோ போக 490 துண்டுகள் வர வேண்டும். 470தான் வந்தது என்றால் 4 கிலோ எங்கேயோ தங்கியிருக்கிறது. இன்னொன்று, மறு கொள்முதல் அளவு. தினமும் 20 கிலோ செலவாகிறது, சொல்லி அனுப்பினால் நூல் வர 5 நாள் ஆகும், கையிருப்பாக 2 நாள் நூல் கூடுதலாக வேண்டும் என்றால், இருப்பு 140 கிலோவைத் தொடும்போதே ஆர்டர் போட்டாக வேண்டும். இதைச் சாப்ட்வேரில் ஒருமுறை பதிந்து வைத்தால், இருப்பு அந்த அளவுக்கு இறங்கும்போது அதுவே எச்சரிக்கும்.

இதை எக்ஸெலில் செய்ய முடியாதா? முடியும், ஒருவரே உட்கார்ந்து எழுதும் வரை. குடோனில் ஒரு காப்பி, கடையில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி என்று ஆனதும் எது புதியது என்ற குழப்பம் வந்துவிடும். கிளவுட் சாப்ட்வேரில் கணக்கு ஒரே இடத்தில், நிறுவனத்தின் சர்வர் கம்ப்யூட்டரில் உள்ள டேட்டாபேஸில் இருக்கிறது. நம் கம்ப்யூட்டரில் உள்ள பிரவுசர், அதைப் பார்க்கும் ஜன்னல் மட்டுமே. மீதமிருக்கும் 10 பேலையும் ஒரே நிமிடத்தில் கடையில் ஒருவரும் குடோனில் ஒருவரும் விற்கப் போனால், டேட்டாபேஸ் ஒருவரின் பதிவை முடித்த பிறகே அடுத்தவருடையதை எடுத்துக்கொள்ளும். இரண்டாமவருக்கு "இருப்பு இல்லை" என்று காட்டும்படி சாப்ட்வேரை அமைக்க முடியும்.

விலை எப்படிக் குறைகிறது என்பதற்கு நம் ஊர் பார்சல் சர்வீஸ் லாரியே நல்ல உதாரணம். ஒரே லாரியில் இருபது வியாபாரிகளின் பேல்கள் போகின்றன. ஒவ்வொன்றின் மீதும் அவரவர் மார்க்கா. டீசல் செலவு எல்லோருக்கும் பங்காகிறது. அதேபோல ஒரே சாப்ட்வேரில் ஆயிரக்கணக்கான நிறுவனங்களின் கணக்குகள் இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் அது யாருடையது என்ற அடையாள எண் இருக்கும். ஒருவர் கணக்கு மற்றவருக்குத் தெரியாது.

வாடகையில் வளர்ந்த கதை

முன்பு இத்தகைய சாப்ட்வேர் பெரிய தொழிற்சாலைகளுக்கு மட்டுமே. 1988ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் சஞ்சீவ் சித்து, கென் சர்மா இருவரும் ஆரம்பித்த ஐ2 டெக்னாலஜீஸ் இத்துறையில் பெரும் பெயர் பெற்றது. சாப்ட்வேரை விலை கொடுத்து வாங்கி, சொந்த சர்வரில் போட்டு, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்களையும் வைக்க வேண்டியிருந்த காலம் அது. 1999ல் தொடங்கப்பட்ட சேல்ஸ்போர்ஸ் நிறுவனம், விற்பனைத் துறைக்கான சாப்ட்வேரை இன்டர்நெட் வழியே வாடகைக்குத் தர ஆரம்பித்தது. 2006ல் அமேசான் சர்வர்களையே வாடகைக்கு விட்டது.

நம் மாநிலத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஜோஹோ. 1996ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்பு, அவருடைய சகோதரர்கள், டோனி தாமஸ் ஆகியோர் தொடங்கியது. அப்போது அவர்கள் விற்றது, டெலிகாம் கருவி தயாரிப்பாளர்களுக்கான நெட்வொர்க் மேலாண்மை சாப்ட்வேர். 2001ல் டாட்காம் சரிவு வந்தது; வாங்கியவர்களில் பலர் காணாமல் போனார்கள். ஒரே துறையை நம்பியிருந்த நிறுவனம், அலுவலக நெட்வொர்க்குகளுக்கான மேனேஜ்இன்ஜின் பக்கம் திரும்பியது. 2005ல் ஜோஹோ என்ற பெயரில் பிரவுசரிலேயே இயங்கும் சாப்ட்வேர்கள் வரத் தொடங்கின. 2009ல் நிறுவனத்தின் பெயரே ஜோஹோ கார்ப்பரேஷன் ஆனது. 2011ல் தென்காசிப் பக்கம் அலுவலகம் திறந்தார்கள். அதே ஆண்டில் கணக்கு எழுத ஜோஹோ புக்ஸ் வந்தது. சில ஆண்டுகளில் ஸ்டாக்குக்கென ஜோஹோ இன்வென்டரி வந்தது. நம் கட்டுரைக்குரியது இந்தக் கடைசிச் சாப்ட்வேர்தான்.

வாடகை முறையில் வளர்வது எளிதல்ல. கணக்கிட்டுப் பாருங்கள். ஒருமுறை 30,000 ரூபாய்க்கு விற்பதை மாதம் 1,000 ரூபாய்க்குக் கொடுத்தால், அந்தப் பணம் வந்து சேர 30 மாதம் ஆகும். மாதம் நூற்றுக்கு 2 பேர் விலகினால், ஆண்டு முடிவில் 78 பேர்தான் மிஞ்சுவார்கள். அதுவரை சர்வர் செலவும் சம்பளமும் கையிலிருந்து போக வேண்டும். பல நிறுவனங்கள் இந்த இடைவெளியை முதலீட்டாளர் பணத்தால் நிரப்புகின்றன. ஜோஹோ வெளி முதலீடு வாங்காமல், பழைய தயாரிப்புகளில் வந்த லாபத்தைக் கொண்டு சமாளித்தது. ஆண்டு வருமானம் 100 கோடி டாலரைத் தாண்டியது என்று 2022ல் அறிவித்தது. பயனாளர்கள் 10 கோடி என்று 2023ல் அறிவித்தது.

சட்டமும் இந்தச் சாப்ட்வேர்களுக்குக் கை கொடுத்தது. 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போக இ-வே பில் கட்டாயமானது. தமிழகத்துக்குள் அதே ஆண்டு ஜூன் 2 முதல் இ-வே பில் வந்தது. லாரி கிளம்புமுன் ஆன்லைனில் பதிந்தாக வேண்டும் என்றதும், சின்ன வியாபாரிக்கும் இன்டர்நெட் தேவையாகிவிட்டது.

இப்போது நம் பக்கம். மாத வாடகையில் வாழும் நிறுவனத்துக்கு நாம் விலகாமல் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு வழிகள்: சேவை நன்றாக இருப்பது ஒன்று, வெளியேறுவது கஷ்டமாக இருப்பது இன்னொன்று. எந்த நிறுவனம் எந்த வகை என்று அறிய நான் பார்ப்பது ஒன்றைத்தான்: முழு டேட்டாவையும் சாதாரண பைலாக எடுத்துக்கொண்டு வர முடிகிறதா? ஜோஹோ இன்வென்டரியில் சி.எஸ்.வி., எக்ஸெல் பைல்களாக எக்ஸ்போர்ட் செய்யும் வசதி இருக்கிறது. வேறு எதை வாங்கினாலும், பணம் கட்டுமுன் இந்த வசதியை முயன்று பாருங்கள்.

சர்வர் ஓடியது, விலாசம் இல்லை

நல்ல நிறுவனமே ஆனாலும் காப்பி நம்மிடம் இருக்க வேண்டும் என்பதற்கு ஜோஹோவிடமே ஒரு சம்பவம் உண்டு. 2018 செப்டம்பர் 24ல் ஜோஹோ டாட் காம் தளம் உலகின் பல இடங்களில் திறக்கவில்லை. சர்வர்கள் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பெயரைப் பதிவு செய்து கொடுத்திருந்த டியராநெட் என்ற அமெரிக்க நிறுவனம், மோசடி மெயில் தொடர்பான மூன்று புகார்களைக் காட்டி, பெயரை முடக்கிவிட்டது. ஜோஹோ டாட் காம் என்று டைப் செய்தால் அதற்குரிய சர்வர் எண்ணைத் தேடித் தரும் ஏற்பாட்டின் பெயர் டி.என்.எஸ். பெயர் முடங்கினால், விலாசம் கிழிந்த கவர் மாதிரி, போஸ்ட்மேன் எங்கே போவார்? ஸ்ரீதர் வேம்பு ட்விட்டரில் பகிரங்கமாக உதவி கேட்க வேண்டியிருந்தது. பெயர் மீண்ட பிறகும், பழைய தகவலைச் சேமித்து வைத்திருந்த இன்டர்நெட் நிறுவனங்களால் சில இடங்களில் தாமதம் நீடித்தது. பின்னர் ஜோஹோ பெயர்ப் பதிவை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொண்டது.

மேலே சொன்ன ஐ2, 2010ல் ஜே.டி.ஏ. நிறுவனத்திடம் போனது, ஜே.டி.ஏ. 2020ல் புளூ யோண்டர் என்று பெயர் மாறியது. 2021ல் பானாசோனிக் அதை வாங்கியது. அந்த புளூ யோண்டரின் சர்வர்கள் 2024 நவம்பரில் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளாயின. பிரிட்டனில் மாரிசன்ஸ் கடைகளின் குடோன் வேலை தடைப்பட்டது. பெரிய கடைகளுக்கே இந்த நிலை.

ஜி.எஸ்.டி. சட்டப்படி, ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும். வாடகையை நிறுத்தினால் சாப்ட்வேர் நின்றுவிடும். இந்தக் கடமை நிற்காது. ஆகவே மாதம் ஒருமுறை பொருட்கள், வாங்கியது, விற்றது, வாடிக்கையாளர் என நான்கு பட்டியல்களையும் சி.எஸ்.வி. பைலாக எக்ஸ்போர்ட் செய்து, மாதத்தின் பெயரில் ஒரு போல்டரில் வையுங்கள். அதன் காப்பியை வெளி ஹார்ட் டிஸ்க்கிலும் போடுங்கள்.

இந்தப் பைலை நேராக டபுள் கிளிக் செய்து எக்ஸெலில் திறக்காதீர்கள். தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாக வரலாம். 12 இலக்க இ-வே பில் எண், நடுவில் ஆங்கில 'இ' எழுத்தும் கூட்டல் குறியுமாகச் சுருங்கித் தெரியும். நாமக்கல் முட்டை வியாபாரி என்றால் முட்டையின் எச்.எஸ்.என். குறியீடு 0407 என்பது 407 ஆகிவிடும். இதைத் தவிர்க்க, எக்ஸெலில் காலி ஒர்க்புக் ஒன்றைத் திறந்து, டேட்டா டேபில் "ப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி." என்பதில் கிளிக் செய்து, பைலைத் தேர்ந்தெடுக்கவும். கிடைக்கும் விண்டோவில் பைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 யூனிகோட் என்பதையும், டேட்டா டைப் டிடெக்ஷன் என்ற இடத்தில் "டூ நாட் டிடெக்ட் டேட்டா டைப்ஸ்" என்பதையும் தேர்ந்தெடுத்து, லோட் கொடுக்கவும். இலவச லிப்ரே ஆபீஸில் திறந்தால் இறக்குமதி விண்டோ தானாகவே வரும், அதில் யூ.டி.எப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்து, குறியீட்டு எண்கள் உள்ள காலத்தை டெக்ஸ்ட் என மாற்றவும். இப்படித் திறந்ததில் கூட்டிப் பார்க்க வேண்டுமானால், தொகை உள்ள காலத்தை மட்டும் எண்ணாக மாற்றிக்கொள்ளலாம்.

யாராவது அவசரத்தில் டபுள் கிளிக் செய்தே திறந்துவிட்டால் பதற வேண்டாம். மூடும்போது சேவ் செய்யவா என்று கேட்டால், "டோன்ட் சேவ்" கொடுங்கள். சேவ் கொடுத்தால்தான் 0407ல் உள்ள அந்தப் பூஜ்யம் பைலில் இருந்தே போய்விடும்.