பொத்தான் விசைப்பலகையும் நம் தமிழும்: பழைய திறன்பேசி வைத்திருப்போர் கருத்துகள் குறித்து ஒரு பார்வை

முன்னுரை

ஒரு கைத்தொலைபேசியை வாங்குமுன், அதை ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்பது நம்மிடையே உள்ள நல்ல வழக்கம். விளம்பரம் சொல்லாத குறையை உரிமையாளர் சொல்லிவிடுவார். ஆனால், "நீங்கள் எந்த மொழியில் எழுதுகிறீர்கள்?" என்று அவரிடம் நாம் கேட்பதில்லை. பொத்தான் விசைப்பலகை கொண்ட பழைய திறன்பேசிகளைப் பொறுத்தவரை அதுவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. இத்தகைய திறன்பேசியை வைத்திருப்போர் வழக்கமாகக் கூறும் நிறைகுறைகளைத் தொகுத்து, அவை தமிழில் எழுத விரும்பும் மாணவருக்கு எந்த அளவு பொருந்தும் என்பதை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. இவ்வகையில் பெயர் பெற்ற பிளாக்பெரி திறன்பேசிகளை இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

பொத்தான் திறன்பேசியின் வளர்ச்சியும் தேய்வும்

கனடாவில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம் 1999இல் மின்னஞ்சல் வசதி கொண்ட சிறு கருவி ஒன்றைப் பிளாக்பெரி என்னும் பெயரில் வெளியிட்டது. தட்டச்சுப்பொறியில் உள்ள அதே வரிசையில் 26 ஆங்கில எழுத்துகளும் சிறு பொத்தான்களாக அதில் அமைந்திருந்தன. இரண்டு கட்டைவிரல்களால் மின்னஞ்சல் எழுதும் பழக்கம் இதனால் பரவியது. 2008இல் வந்த போல்ட் 9000, 2011இல் வந்த போல்ட் 9900 ஆகியவை அலுவலகத்தாரிடம் மட்டுமன்றி மாணவரிடமும் செல்வாக்குப் பெற்றன.

இதற்கிடையே, 2007 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகப்படுத்தினார். அந்த மேடையில் அவர் பொத்தான் விசைப்பலகைகளுக்கு எதிராக ஒரு வாதத்தை முன்வைத்தார். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொத்தான்கள் அதே இடத்தில் இருக்கும். கருவி விற்பனையான பிறகு அவற்றை மாற்ற முடியாது என்பது அதன் சாரம். அன்று அவர் செயலிகளை மனத்தில் கொண்டு பேசினார். ஆயினும் அந்த வாதம் மொழிக்கும் பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதன்பின் தொடுதிரையே வழக்காயிற்று. பொத்தான்களை விரும்பியோருக்காக 2014இல் பாஸ்போர்ட்டும் கிளாசிக்கும் வந்தன. ஆண்ட்ராய்டில் இயங்கும் கீவன் 2017இலும், கீ2 2018இலும் வெளிவந்தன. இவ்விரண்டையும் தயாரித்த டிசிஎல் நிறுவனம் 2020 ஆகஸ்டு மாதத்தோடு பிளாக்பெரி திறன்பேசி விற்பனையை நிறுத்திக்கொண்டது. 2022 ஜனவரி 4 அன்று பழைய பிளாக்பெரி இயங்குதளங்களுக்கான சேவைகளும் முடிவுக்கு வந்தன.

பாராட்டுவோர் கூறுவன

இவற்றை இன்றும் விடாமல் வைத்திருப்போர் கூறும் நிறைகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. அவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, விரலுக்குக் கிடைக்கும் உறுதி. பொத்தான் அழுந்துவதை விரல் உணர்கிறது. அழுத்தினோமா இல்லையா என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொத்தானின் மேற்பரப்பும் சற்றே சரிவாக இருப்பதால் விரல் தன் இடத்தைத் தானே கண்டுகொள்கிறது.

இரண்டாவது, திரை முழுவதும் படிப்பதற்குக் கிடைக்கிறது. எழுதத் தொடங்கியதும் பாதித் திரையை விசைப்பலகை மறைத்துக்கொள்வதில்லை. நீண்ட மின்னஞ்சலுக்கு மறுமொழி எழுதுவோர் இதைப் பெரிதும் விரும்புகின்றனர்.

மூன்றாவது, குறுக்குவழிகள். கீவன், கீ2 இரண்டிலும் ஓர் எழுத்தைச் சட்டென அழுத்தினால் ஒரு செயலியும், நீடித்து அழுத்தினால் வேறொரு செயலியும் திறக்குமாறு அமைத்துக்கொள்ளலாம். 26 எழுத்துகளுக்கும் சேர்த்து 52 குறுக்குவழிகள். விசைப்பலகையின்மேல் விரலை நகர்த்திப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தலாம். இடைவெளி விசையே கைரேகையைப் படித்துத் திறன்பேசியைத் திறக்கும்.

நான்காவது, கவனச் சிதறல் குறைவு. திரை சிறியதாகையால் காணொளியில் மூழ்கும் எண்ணம் வருவதில்லை. எழுதும் வேலைதான் முன்னிற்கிறது என்பர்.

குறை கூறுவோர் கூறுவன

குறை கூறுவோரும் பெரும்பாலும் ஒரு காலத்தில் இவற்றை விரும்பி வாங்கியவர்களே. திரை சிறியது என்பது முதற்குறை. கீ2இன் திரை 4.5 அங்குலம். இன்றைய செயலிகள் நீண்ட திரைகளுக்காக வரையப்பட்டவையாதலால் அதில் நெருக்கியடித்துத் தோன்றுகின்றன. அடுத்து, மென்பொருள். ஆண்ட்ராய்டு 8.1உடன் வந்த கீ2 அதற்கடுத்த பதிப்புக்கு அதிகாரப்பூர்வமாக உயர்த்தப்படவே இல்லை. பாதுகாப்புப் புதுப்பித்தல்களும் நின்றுவிட்டன. இணையவழி வங்கிச் சேவையை நம்பியிருப்போருக்கு இது சிறிய குறையன்று. பழைய மின்கலம் விரைவில் தீர்ந்துபோவதும் மாற்றுப் பாகங்கள் எளிதில் கிட்டாததும் மற்றக் குறைகள்.

வெளிநாட்டு உரிமையாளர் ஒருவரின் பாராட்டை நாம் அப்படியே ஏற்க முடியாததற்கு இன்னொரு காரணம், நம் நாடுகளின் தொலைத்தொடர்பு நிலை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017இலும் 3ஜி சேவை 2024இலும் நிறுத்தப்பட்டன. மலேசியாவில் 3ஜி சேவை 2021ஆம் ஆண்டு இறுதியில் முடிவுற்றது. போல்ட் 9900 ஒரு 3ஜி கருவி. எனவே அதன் விசைப்பலகை எவ்வளவு இனிமையாக இருந்தாலும், சிங்கப்பூரில் அதைக் கொண்டு ஓர் அழைப்புக்கூடச் செய்ய இயலாது. 4ஜி வசதியுள்ள கீ2ஐ வாங்குவோரும், 4ஜி வலையமைப்பின் வழியே குரல் அழைப்பு இயங்குகிறதா என்பதைத் தத்தம் சேவை நிறுவனத்தின் சிம் அட்டையைப் பொருத்திப் பார்த்த பின்னரே பணம் கொடுக்க வேண்டும்.

இருபத்தாறு விசைகளும் முப்பத்தொரு தேவைகளும்

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். இத்தனைக்கும் தனித்தனி விசை தேவையில்லை. 12 உயிருக்கும் 18 மெய்க்கும் புள்ளிக்கும் விசை இருந்தால் மற்றவற்றை மென்பொருள் சேர்த்துக் கொடுத்துவிடும். ஆக, 31 விசைகள் தேவை.

1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இந்த அடிப்படையில் அமைந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் வரும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு அழுத்தங்களே போதும்.

கணினி விசைப்பலகையில் 26 ஆங்கில எழுத்து விசைகளுக்கு அப்பால் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு ஆகிய குறிகளுக்கான விசைகளும் உண்டு. தமிழ்99 அவற்றில் ஐந்தைப் பயன்படுத்திக்கொள்கிறது. அந்த ஐந்தில் அமரும் எழுத்துகள் ச, ஞ, ந, ய, ழ. திறன்பேசியின் பொத்தான் விசைப்பலகையிலோ 26 எழுத்து விசைகளே உள்ளன. தமிழ்99ஐ அதன்மேல் அப்படியே வைத்தால் இந்த ஐந்து எழுத்துகளும் இடமின்றி வெளியே நின்றுவிடும். 'நான்' என்று எழுத ந இல்லை. 'யார்' என்று கேட்க ய இல்லை. 'தமிழ்' என்று எழுத ழ இல்லை. மாற்று விசையோடு சேர்த்து அழுத்தி இவற்றை வருவிக்க மென்பொருள் எழுதலாம்தான். ஆனால் பொத்தானின்மேல் அச்சிடப்பட்டிருப்பது ஆங்கில எழுத்தாகையால், எந்தத் தமிழ் எழுத்து எங்கே இருக்கிறது என்பதை மனப்பாடமாகத் தெரிந்தவருக்கே அது பயன்படும்.

இது தமிழின் குறை என்று எவரும் எண்ணிவிட வேண்டா. இதைவிடக் கடினமான இரும்புப் பொறியில் தமிழுக்கு இடம் தேடித் தந்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணியாற்றிய ஆர். முத்தையா. அழுத்தியும் உருளை நகராத 'நகரா விசை'களை அமைத்து, மேல்விலங்கையும் புள்ளியையும் தம் தட்டச்சுப்பொறியில் எழுத்தின் தலைமேல் ஏற்றிக் காட்டினார் அவர். ஆக, விசை போதாமை தீர்க்க முடியாத சிக்கலன்று. நம் ஊர்க் கடைகளில் விற்ற பொத்தான் திறன்பேசிகளில் அதைத் தீர்க்க எவரும் மெனக்கெடவில்லை என்பதே உண்மை.

பொத்தான் பழக்கிய எழுத்துமுறை

அப்படியானால் பொத்தான் திறன்பேசி வைத்திருந்த தமிழ் மாணவர் எப்படி எழுதினர்? பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளால் தமிழை எழுதினர். அதற்கு அன்று நியாயமான காரணங்களும் இருந்தன. பல கைத்தொலைபேசிகளில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகவே தெரிந்தன. குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறித் தமிழாயின் 70 இடங்களே கிடைக்கும். 'தமிழ்' என்னும் சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து இடங்கள். ஒவ்வொரு குறுஞ்செய்திக்கும் காசு கொடுத்த காலத்தில் இது சிறு கணக்கன்று.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு நாம் கொடுத்த விலையையும் பார்க்க வேண்டும். கே, ஏ, எல், ஏ, ஐ என்று எழுதினால் அது கலையா, களையா, காலையா, காளையா? பி, ஏ, எல், எல், ஐ என்றால் பள்ளியா, பல்லியா? மனமும் மணமும் மானமும் ஒரே ஐந்து எழுத்துகளுக்குள் அடங்கிவிடுகின்றன. இடம் நோக்கிப் பொருள் கொள்ளலாம் என்பர், அது உண்மையே. படிப்பவருக்கு இடர் குறைவு. எழுதுபவருக்கோ, லகர ளகர ழகரங்களில் எது வரும் என்று எண்ணிப் பார்க்கும் தேவையே அற்றுப்போகிறது. நாள்தோறும் நூறு செய்திகள் எழுதும் ஒருவர், அந்த நூறிலும் எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பை இழக்கிறார். தேர்வுத்தாளில் பேனாவைப் பிடிக்கும்போதுதான் ஐயம் தோன்றுகிறது.

தொடுதிரை தந்த விடை

2005 பொங்கல் காலத்தில், மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் சிங்கப்பூரில் ஒலி 96.8 வானொலியின் துணையோடு அறிமுகமானது. கைத்தொலைபேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்பதை அது நம் மண்ணில் மெய்ப்பித்தது. 2013இல் ஐபோனின் ஏழாம் இயங்குதளத்தில் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களும் உள்ளடங்கியே வந்தன. தொடுதிரையில் விசை என்பது வெறும் படம். 26 வேண்டுமானால் 26. 31 வேண்டுமானால் 31. ஓர் எழுத்தைத் தொட்டதும் அதன் உயிர்மெய் வரிசையையே விசைமுகம் காட்டவும் முடியும். ஜாப்ஸ் சொன்ன 'மாற்ற முடியாத பொத்தான்' என்னும் குறை, ஆங்கிலத்தில் மட்டும் எழுதியவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. தமிழில் எழுத விரும்பியவருக்கு அதுவே தலையாய குறையாக இருந்தது.

பொத்தான் திறன்பேசியில் தமிழ்ச் செயலியை நிறுவிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். கீ2 போன்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவலாம். ஆனால் அத்தகைய செயலிகள் முதன்மையாகத் திரையில் தோன்றும் விசைகளுக்காக எழுதப்பட்டவை. பொத்தானை அழுத்தினால் அதைத் தமிழாக மாற்றித் தருமா என்பது செயலிக்குச் செயலி வேறுபடும். மாற்றித் தராவிடில், திரையிலும் ஒரு விசைப்பலகையை வரவழைக்க வேண்டும். அப்போது கீழே பயன்படாத பொத்தான்கள், மேலே 4.5 அங்குலத் திரையில் பாதியை மறைக்கும் விசைமுகம். படிப்பதற்கு எஞ்சுவது சிறு கீற்று. உரிமையாளர்கள் பாராட்டிய முதல் இரண்டு நிறைகளும் தமிழுக்கு மாறிய அக்கணமே குறைகளாகிவிடுகின்றன.

கருத்துகளை எடைபோடும் முறை

எனவே, எந்த உரிமையாளர் கருத்தைக் கேட்டாலும் நான்கு கேள்விகளை மனத்தில் இருத்துவோம்.

1. அவர் எந்த மொழியில், எந்த எழுத்தில் எழுதுகிறார்?
2. அவர் எந்த நாட்டில், எந்த வலையமைப்பில் அதைப் பயன்படுத்துகிறார்?
3. அது அவருடைய ஒரே திறன்பேசியா, இரண்டாவதா? வங்கிக்கு ஒன்றும் எழுதுவதற்கு ஒன்றும் வைத்திருப்பவரின் மனநிறைவு, ஒன்றையே நம்பியிருக்கும் மாணவருக்குக் கிட்டாது.
4. அவர் எத்தனை ஆண்டு பயன்படுத்தியிருக்கிறார்? வெறுத்தவர்கள் எப்போதோ விற்றுவிட்டார்கள். இன்று பேசுவோர் பெரும்பாலும் விரும்பி வைத்திருப்பவர்களே.

முடிவுரை

பொத்தான் விசைப்பலகையை விரும்புவோர் பொய் சொல்லவில்லை. விரலுக்கு அது தரும் உறுதியைத் தொடுதிரை இன்னும் தரவில்லை. 2024இல் ஐபோனுக்கே பொத்தான் விசைப்பலகை உறை ஒன்று விற்பனைக்கு வந்தது அந்த ஏக்கத்துக்குச் சான்று. ஆங்கில மின்னஞ்சல்களை மட்டும் எழுதுவோர் அவர்கள் சொல்லை நம்பலாம். ஆனால் தமிழிலும் எழுத விரும்புவோர் தொடுதிரையை நாடுவதே தக்கது.

இதில் நாம் கருதிப்பார்க்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. கட்டங்களாகத் தெரிந்த எழுத்துகள் இன்று ஒழுங்காகத் தெரிகின்றன. 70 இடம் என்னும் எல்லை இணையவழிச் செய்திகளில் இல்லை. 31 விசைகளும் திரையிலேயே காத்திருக்கின்றன. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவதற்கு அன்றிருந்த காரணங்கள் யாவும் நீங்கிவிட்டன. பொத்தான் பழக்கிய வழக்கம் மட்டும் பொத்தான் போன பின்னும் நம் விரல்களில் தங்கியிருக்கிறது. அதை மாற்றிக்கொள்ளப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.

பயிற்சி: இன்று நண்பருக்கு அனுப்பவிருக்கும் ஐந்து செய்திகளைத் தமிழ் எழுத்தில் அனுப்பிப் பாருங்கள். எந்தச் சொல்லில் விரல் தயங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, அகராதியைத் திறந்து அதன் எழுத்தைச் சரிபாருங்கள். ஒரு மாதத்துக்குப் பின் அப்பட்டியலை மீண்டும் எடுத்துப் பார்த்தால் உங்கள் வளர்ச்சி உங்களுக்கே விளங்கும்.