பொய்யை முறியடிக்கும் தளங்களில் எதை நம்புவது?

உக்ரைன் போரைத் தொடர்ந்து கவனிப்பவர்கள் முன்னால், ‘பிரசாரத்தை முறியடிக்கிறோம்’ என்று சொல்லிக்கொள்ளும் தளங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. பெயரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ‘வார் ஆன் ஃபேக்ஸ்’, அதாவது போலிகள் மீதான போர், என்பதுதான் இருப்பதிலேயே வீரமான பெயர். முதலில் கழித்துக்கட்ட வேண்டியதும் அதைத்தான்.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் நுழைந்த கையோடு டெலிகிராமில் முளைத்தது அது. ரஷ்யத் தூதரகங்களே அதன் பதிவுகளைப் பகிர்ந்தன. அதே நாட்களில் ரஷ்ய ஆதரவு சேனல்களில் ஒரு வீடியோ சுற்றியது. ஒரு பக்கம் கார்கிவ் மீது ஏவுகணைத் தாக்குதல் என்று சொல்லப்படும் காட்சி. மறுபக்கம் அதே காட்சி, 2017இல் நடந்த ஆயுதக் கிடங்கு விபத்து என்ற குறிப்புடன். பழசைப் புதுசென்று உக்ரைன் ஏமாற்றுகிறதாம். அமெரிக்கச் செய்தி நிறுவனமான புரோபப்ளிகாவும் கிளெம்சன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தேடிப் பார்த்தார்கள். அந்தப் பழைய காட்சியைப் புதிய தாக்குதல் என்று யாரும் பரப்பியதற்கான தடயமே கிடைக்கவில்லை. மறுப்புக்குத் தோதாகப் பொய்யையும் மறுத்தவர்கள் தரப்பே தயாரித்திருக்கிறது! ஆகவே, எந்தத் தளமானாலும் முதலில் கேட்க வேண்டியது: நீ மறுக்கும் பொய்யை யார், எங்கே, எப்போது சொன்னார்கள்? இணைப்பு எங்கே?

ஸ்டாப்ஃபேக் இதில் தேறிவிடும். 2014 மார்ச்சில் கீவ்-மொஹிலா அகாடமியின் இதழியல் ஆசிரியர்களும் மாணவர்களும் தொடங்கியது. ஆனால் அதன் கண் பெரும்பாலும் ரஷ்யப் பொய்கள் மீதுதான். ‘கீவின் பேய்’ என்ற சாகச விமானி வெறும் கற்பனை என்று 2022இல் உக்ரைன் விமானப்படையே ஒப்புக்கொண்டது. அந்த ரகக் கதைகளுக்கு ஸ்டாப்ஃபேக்கை மட்டும் நம்பி உட்கார முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2015இல் தொடங்கிய ‘ஈயு வெர்சஸ் டிஸ்இன்ஃபோ’ ரஷ்ய ஆதரவுப் பொய்களின் ஒரு பெரிய பட்டியல், அவ்வளவுதான். 2018இல் மூன்று டச்சு ஊடகங்களைத் தவறாக அதில் சேர்த்து, அவை வழக்குக்குப் போனதும் பதிவுகளை நீக்கியது. ஊடகத்துக்கு முத்திரை குத்தும் வேலையை அரசுகள் செய்தால் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும்.

பொதுவெளித் தகவல்களை வைத்துப் புலனாய்வு செய்யும் பெல்லிங்கேட், அமெரிக்க அரசு நிதியில் இயங்கும் அமைப்பிடம் பணம் வாங்கியிருக்கிறது என்பது பலருடைய குற்றச்சாட்டு. வாங்கியது உண்மை. ஆனால் கிழக்கு உக்ரைனில் சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்த எம்எச்17 பயணிகள் விமான விவகாரத்தில் அது என்ன செய்தது? புக் ஏவுகணை வாகனத்தின் படங்களைச் சேகரித்து, பக்கவாட்டுத் தடுப்பில் இருந்த சேதத்தை ஒப்பிட்டு, அது ரஷ்யாவின் 53ஆவது படைப்பிரிவுடையது என்றது. படங்கள் எல்லாம் பொதுவெளியில் இருந்தவை, யாரும் சரிபார்க்கலாம். 2018இல் பன்னாட்டு விசாரணைக் குழுவும் அதே முடிவுக்கு வந்தது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட இந்தச் சரிபார்ப்பு வசதிக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

ஆக, ஒரு படமோ வீடியோவோ உண்மையா என்று தெரிய பெல்லிங்கேட். ரஷ்ய டிவி சொன்னதைச் சோதிக்க ஸ்டாப்ஃபேக். ஒரே கதை எத்தனை வேடத்தில் வந்தது என்று பார்க்க ஐரோப்பியப் பட்டியல். ஆனால் ஒன்று: பெல்லிங்கேட்டில் அன்றன்றைக்கே பதில் கிடைக்காது. சில ஆய்வுகளுக்கு மாதக்கணக்கில்கூட ஆகும்.