மா. இளங்கண்ணன் யார்?

கேள்வி: சிங்கப்பூர் நாவலாசிரியர் மா. இளங்கண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள். (வாசகர், சிராங்கூன்)

பதில்: இளங்கண்ணனின் இயற்பெயர் பாலகிருஷ்ணன், 1938இல் சிங்கப்பூரில் பிறந்தவர். உழைக்கும் தமிழரின் வாழ்வே அவருடைய எழுத்தின் மையம். சிறுகதைகளும் நாவல்களும் எழுதினார். 1982இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருதும், 2005இல் கலாசாரப் பதக்கமும் பெற்றார்.

அவருடைய நாவல்களில் முதலில் படிக்க வேண்டியது 1990இல் வெளிவந்த ‘வைகறைப் பூக்கள்’. ஜப்பானியர் ஆட்சிக்காலத்தைப் பின்னணியாகக் கொண்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட கொடுங்காலம் அது. போர் வரலாறுகள் தளபதிகளையே அதிகம் பேசுகின்றன. அவை அதிகம் பேசாத எளிய தமிழரின் அந்த நாள்களைத் தமிழ்ப் புனைவில் பதிவுசெய்ததே இந்நாவலின் பெருமதிப்பு. இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை எபிகிராம் புக்ஸ் 2012இல் வெளியிட்டது.