உங்கள் போனின் கதவு எண் என்ன?

ஆவடி – பூந்தமல்லி சாலையிலிருந்து பருத்திப்பட்டுக்குள் திரும்பி, கதவு எண்களை மட்டும் படித்துக்கொண்டே ஒரு தெருவில் நடந்து பாருங்கள். 12-க்கு அடுத்து 12/1 வரும். அப்புறம் 12/2, 12ஏ. சில வாசல்களில் 'பழைய எண் 12, புதிய எண் 27' என்று இரண்டுமே எழுதியிருக்கும். காரணம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். மனை போட்டபோது ஒரு வீட்டுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். பிறகு மனை பிரிந்தது, மாடி எழும்பியது, அடுக்குமாடிகள் வந்தன. குடித்தனங்கள் பெருகின. எண்கள் பெருகவில்லை.

இணையத்திலும் நடந்தது இதேதான். உங்கள் கையில் இருக்கும் போனுக்கும் இன்று கதவு எண் தட்டுப்பாடு! அது என்ன தட்டுப்பாடு, அதனால் நமக்கு என்ன, அரசும் நிறுவனங்களும் என்ன செய்கின்றன, நாம் என்ன செய்ய வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முகவரி இல்லாமல் தபால் வருமா?

நீங்கள் இ-சேவைத் தளத்தில் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீர்கள். உங்கள் போன் ஒரு கேள்வி அனுப்புகிறது, தளத்தின் சர்வர் பதில் அனுப்புகிறது. அந்தப் பதில் பக்கத்து வீட்டுப் போனுக்குப் போகாமல் உங்களுக்கே வர வேண்டுமென்றால் ஒரு முகவரி வேண்டும். அதுதான் ஐபி முகவரி. போன் எண் வேறு, இது வேறு. போன் எண் உங்களோடு நிலையாக இருக்கும். ஐபி முகவரி, நீங்கள் எந்த இணைப்பில் இருக்கிறீர்களோ அதற்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும்.

429 கோடி: போதும் என்று நினைத்த காலம்

இன்றும் புழக்கத்தில் உள்ள பழைய முறைக்கு ஐபிவி4 என்று பெயர். 1981-ல் இதன் விதிகள் வெளியாயின. நான்கு எண்கள், நடுவே புள்ளி. 192.168.1.1 என்று ரவுட்டர் பெட்டியின் பின்னால் பார்த்திருப்பீர்களே, அந்த வடிவம்தான். இந்த முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகள்தான் உருவாக்க முடியும். கணினி என்பது பல்கலைக்கழகத்திலும் பெரிய நிறுவனத்திலும் மட்டும் இருந்த காலத்தில் அது கடல் போலத் தெரிந்தது. அதனால் தாராளமாக அள்ளிக் கொடுத்தார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்கு மட்டுமே 1.67 கோடி முகவரிகள் ஒதுக்கப்பட்டன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-ல். பந்திக்குத் தாமதமாக வந்தவர் நிலைதான் நமக்கு. பிறகு செல்போன் வந்தது. ஸ்மார்ட்போன் வந்ததும், ஒரு வீட்டுக்கு ஒரு கணினி என்ற கணக்கு, ஆளுக்கு ஒரு போன் என்று மாறிப்போனது. 2011 பிப்ரவரி 3-ல் உலகக் கையிருப்பில் கடைசியாக இருந்த ஐந்து தொகுப்புகளும் ஐந்து கண்டப் பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. அதே ஆண்டு ஏப்ரல் மாதம், ஆசிய – பசிபிக் பகுதிக்கான பதிவகம் தன் கடைசித் தொகுப்பைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து நம் பகுதியில் ஐபிவி4 முகவரி ரேஷன் கணக்கில்தான்.

இந்தியாவின் பங்கில் இருப்பது சுமார் 4 கோடி ஐபிவி4 முகவரிகள். மொபைல் இணைப்புகளோ 110 கோடிக்கும் மேல். ஓர் எண்ணுக்கு 25 பேருக்கும் அதிகம்!

ஒரே கதவு, நூறு குடித்தனம்

அப்படியானால் இவ்வளவு நாள் எப்படி ஓடியது? 12/1, 12/2 வித்தைதான்.

உங்கள் வீட்டு வைஃபையில் இருக்கும் போன், டிவி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் ரவுட்டர் உள்ளூர் எண் ஒன்றைக் கொடுக்கிறது. வெளியே போகும்போது எல்லோருக்கும் ஒரே பொது முகவரி. எந்தப் பதில் யாருக்கு என்று ரவுட்டர் குறித்து வைத்துக்கொண்டு பிரித்துக் கொடுக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் கூரியரை வாங்கி வைத்து வீடு வீடாகக் கொடுப்பது போல.

எண் போதாதபோது, இதே வேலையைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களே பெரிய அளவில் செய்யத் தொடங்கின. உங்கள் வீட்டு ரவுட்டருக்கே உள்ளூர் எண்தான். நிறுவனத்தின் பெரிய வாசலில் இருப்பதுதான் பொது முகவரி. இப்படிப் பகிர்வதற்கென்றே 2012-ல் 100.64 என்று தொடங்கும் தனி வரிசை ஒதுக்கப்பட்டது. பருத்திப்பட்டில் நீங்களும், முன்பின் பார்த்தேயிராத நூற்றுக்கணக்கானவர்களும் இந்த நிமிடம் ஒரே முகவரியில் வெளியே தெரியலாம்.

இதனால் நமக்கு என்ன?

படம் ஓடுகிறது, பணம் போகிறது, அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். மூன்று இடங்களில் இடிக்கும்.

முதலாவது, நியாயமான ஆளும் சந்தேகத்துக்கு ஆளாவது. ஒரே முகவரியிலிருந்து ஆயிரக்கணக்கான கோரிக்கைகள் வந்தால், சில தளங்கள் அதைத் தாக்குதல் என்று நினைத்துக்கொள்ளும். 'நான் ரோபோ அல்ல' என்று பெட்டியைத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லும். சில நேரம் கதவையே அடைத்துவிடும்.

இரண்டாவது, வெளியிலிருந்து வீட்டுக்குள் வர முடியாமை. கடையில் கேமரா மாட்டிவிட்டு, ஊரிலிருந்து பார்க்கலாம் என்று நினைத்தால் நேரடியாக இணைய முடியாது. உங்கள் கேமராவுக்குச் சொந்தக் கதவு எண்ணே இல்லையே! நடுவில் ஒரு நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், இல்லையென்றால் நிலையான ஐபி முகவரிக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம்: குற்றம் செய்தவரைக் கண்டுபிடிப்பது. ஒருவர் ஆன்லைனில் ஏமாற்றிவிட்டார், அவருடைய ஐபி முகவரி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த முகவரியில் நூறு பேர் இருந்தால்? அதற்குள் எந்த 'போர்ட்' எண், எந்த நொடி என்பதும் தெரிந்தால்தான் ஆளைப் பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே வெறும் ஐபி முகவரி யாருடைய அடையாளமும் ஆகாது.

இதை நன்றாக மனதில் வையுங்கள். 'உங்க ஐபி முகவரியிலிருந்து ஆபாசப் படம் பார்த்திருக்காங்க, உங்க மேல வழக்கு இருக்கு, வீடியோ காலை விட்டு நகரக்கூடாது' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்கள் உண்டு. 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சட்டத்தில் ஒன்றும் கிடையாது. இணைப்பைத் துண்டியுங்கள், 1930-ஐ அழையுங்கள்.

ஓர் இலக்கம் சேர்த்தால் போதாதா?

நல்ல கேள்வி. சென்னையில் தரைவழித் தொலைபேசி எண்கள் ஏழு இலக்கமாக இருந்தன. முன்னால் '2' சேர்த்தார்கள், எட்டு ஆனது. இணையத்திலும் அப்படிச் செய்யக் கூடாதா?

செய்ய முடியாது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகள் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தன. இணையத்துக்கு ஒற்றை முதலாளி கிடையாது. தவிர, பழைய முறையில் முகவரி எழுதும் கட்டமே அளவெடுத்துச் செய்தது. அதில் கூடுதலாக ஓர் இலக்கத்துக்கு இடமில்லை. 1983 ஜனவரி 1-ல், இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் ஒரே நாளில் புது விதிக்கு மாறியது. அன்று இணைந்திருந்தவை சில நூறு கணினிகள்தான். இன்று அப்படி ஒரு நாளைக் குறிக்கவே முடியாது.

அதனால் 1990-களிலேயே முற்றிலும் புதிய முறை வகுத்தார்கள். அதுதான் ஐபிவி6. இதில் சுமார் 34-க்குப் பின்னால் 37 பூஜ்யங்கள் போட்டால் வரும் அளவுக்கு முகவரிகள் உண்டு. ஒரு வீட்டு இணைப்புக்குக் கொடுக்கும் சிறிய பகுதியிலேயே பழைய இணையத்தைப்போல 429 கோடி இணையங்களை அடக்கிவிடலாம்.

ஒரே சிக்கல், பழையதும் புதியதும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசாது. ஆகவே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுகிறார்கள், தேவையான இடத்தில் மொழிபெயர்ப்பாளரை வைக்கிறார்கள். 'பழைய எண், புதிய எண்' என்று வாசலில் இரண்டையும் எழுதி வைப்பது போலத்தான்.

தாமதமாக வந்தாலும் முன்னால் போன இந்தியா

மத்திய தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் ஐபிவி6-க்கான தேசிய வழிகாட்டித் திட்டத்தை வெளியிட்டது. 2013-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. ஆனாலும் சில ஆண்டுகள் பயன்பாடு சொற்பமாகவே இருந்தது. பழைய கருவிகளில் பணம் போட்ட நிறுவனங்களுக்கு மாற அவசரமில்லை.

2016 செப்டம்பர் 5-ல் ஜியோ 4ஜி சேவை தொடங்கியது. புதிதாக வந்த நிறுவனத்துக்குப் பழைய முகவரி கோடிக்கணக்கில் கிடைக்க வழியில்லை. எனவே தொடக்கத்திலிருந்தே ஐபிவி6-ஐ வைத்துக் கட்டினார்கள். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இன்று இந்தியாவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலான பயனாளர்கள் ஐபிவி6-ல் இருக்கிறார்கள். உலக அளவில் இது ஏறக்குறைய பாதிதான். முகவரி ஏராளமாகக் கிடைத்த நாடுகள் பல மெதுவாக நடக்கின்றன. தட்டுப்பாடே நம்மை முன்னால் தள்ளிவிட்டது!

மொபைல் முன்னேறிவிட்டது. வீட்டு பிராட்பேண்டும் சில இணையதளங்களும் இன்னும் மிச்சம். நம் பக்கத்து அம்பத்தூரில் தரவு மையங்கள் வளர்கின்றன. ஸ்மார்ட் மீட்டர், பேருந்து இருப்பிடக் கருவி, தெருவிளக்கு என ஆளில்லாத கருவிகளும் இணையத்துக்குள் வருகின்றன. இவற்றுக்கெல்லாம் 12/1, 12/2 கணக்கு தாங்காது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொந்தக் கதவு எண் கிடைத்தால், கதவுக்குப் பூட்டும் நாம்தான் போட வேண்டும். வாட்ச்மேன் நடுவில் நின்ற காலத்தில் வெளியார் நேரே வர முடியாது. ஐபிவி6-ல் அந்த வேலையை ரவுட்டரின் ஃபயர்வால் செய்ய வேண்டும்.

செய்து பாருங்கள்

1. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவை மட்டும் வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் 'அமைப்புகள்' போய் 'போனைப் பற்றி' என்ற பகுதியில் ஐபி முகவரியைப் பாருங்கள். சில போன்களில் அதற்குள் 'நிலை' என்பதையும் தட்ட வேண்டியிருக்கும். நடுவே முக்காற்புள்ளி போட்ட நீளமான எண் இருந்தால் அதுதான் ஐபிவி6.

2. புள்ளி வைத்த எண் 10 என்றோ 100.64 முதல் 100.127 வரையோ தொடங்கினால், நீங்கள் பகிர்ந்த முகவரியில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

3. புதிய பிராட்பேண்ட் வாங்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: ஐபிவி6 உண்டா? நீங்கள் கொடுக்கும் ரவுட்டர் அதைத் தாங்குமா? நிலையான ஐபி வேண்டுமென்றால் கட்டணம் எவ்வளவு?

4. ரவுட்டர், கேமரா இரண்டிலும் வாங்கியபோது இருந்த பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். ஃபயர்வாலை அணைக்காதீர்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

5. ஆன்லைனில் பணம் போனால் உடனே 1930. நடந்த நேரத்தை மணி, நிமிடத்தோடு குறித்துக்கொள்ளுங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நூறு பேர் பகிரும் முகவரியில் ஒருவரைப் பிரித்துக் காட்டுவதில் அந்த நேரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

வீட்டில் பெரியவர்களிடம் ஐந்தாவதையும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' விஷயத்தையும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றவை ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கலாம்.