மாமாவின் பழைய கையடக்கக் கணினியில் லினக்ஸ்

கேள்வி: மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த பழைய விண்டோஸ் மொபைல் கையடக்கக் கணினி ஒன்று வீட்டில் சும்மா கிடக்கிறது. தயாரித்த கம்பனி உள்விபரம் எதையும் வெளியிடவில்லையாம். கழற்றி ஆராய்ந்தால் லினக்ஸ் போடலாமா?
– உயர்தர மாணவி, தோட்டவெளி, மன்னார்

பதில்: போடலாம், தங்கச்சி. ஆனால் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் பற்றரியைப் பாருங்கள். உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது.

கம்பனி மறைத்தது நீங்கள் நினைக்குமளவு பெரிதல்ல. அந்தக் காலத்துக் கருவிகள் பலவற்றில் இருந்தது இன்டெலின் எக்ஸ்ஸ்கேல் சிப். அதன் கையேட்டை இன்டெலே வெளியிட்டிருந்தது. முக்கியமாகத் தெரியாதது இதுதான்: சிப்பின் எந்தக் காலில் திரை விளக்கு, எந்தக் காலில் பொத்தான், எதில் சார்ஜர்.

அதைக் கண்டுபிடிக்க 'ஹாரெட்' என்ற சிறு மென்பொருள் இருக்கிறது. அது விண்டோஸுக்குள்ளேயே ஓடும். அதை இயக்கி, மேசைக் கணினியிலிருந்து தொடர்புகொண்டு, சிப்பின் கால்களைக் கண்காணிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பொத்தானை மட்டும் அழுத்துங்கள். எந்தக் காலின் நிலை மாறுகிறதோ அதுதான் அந்தப் பொத்தானுக்குரியது என்று ஊகிக்கலாம். பலமுறை அழுத்தி உறுதிசெய்யுங்கள். அடுத்து சார்ஜரைச் செருகிப் பாருங்கள், திரையை அணைத்துப் பாருங்கள். விண்டோஸ் தன் வேலையைச் செய்யும்போதே அதன் இரகசியமெல்லாம் வெளியே வரும். இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் முறை இது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவேண்டியதில்லை.

'கேர்னல்' எனப்படும் லினக்ஸ் கருவை ஏற்றுவதும் ஹாரெட்தான். விண்டோஸை நிறுத்திவிட்டு, நினைவகத்தை லினக்ஸிடம் ஒப்படைக்கும். நிரந்தர நினைவகத்தில் நீங்கள் கைவைக்காதவரை, ரீசெட் செய்தால் விண்டோஸ் திரும்ப வரும். ஆனால் ஓர் எச்சரிக்கை: விண்டோஸ் மொபைல் 2003 வரையான கருவிகளில் தொலைபேசி இலக்கங்கள் முதலியன ரேமில்தான் இருந்தன. லினக்ஸ் ஏறினால் அவை போய்விடும். மாமாவிடம் கேட்டு, எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுங்கள்.

புதிய கருவைத் தேடாதீர்கள். 2023இல் வந்த லினக்ஸ் 6.3இல் இத்தகைய பழைய கருவிகள் பலவற்றுக்கான கோப்புகளை நீக்கிவிட்டார்கள். 2.6 காலத்துப் பதிப்பே உங்களுக்குப் பொருந்தும்.

இவ்வளவு பாடும் எல்லாக் கருவிக்கும் தேவைப்பட்டதில்லை. 2000இல் வந்த காம்பாக் ஐபேக் விண்டோஸுடன் விற்பனையானாலும், அக்கம்பனியின் கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடமே அதற்கு லினக்ஸைக் கொண்டுவர உழைத்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியியலாளர்களும் உருவாக்கிய சிம்ப்யூட்டர் லினக்ஸுடனேயே பிறந்தது. வன்பொருள் வடிவமைப்பையும் பிறர் எடுத்துப் பயன்படுத்த உரிமம் வகுத்தார்கள். கருவியை வாங்கியவருக்கு அதன் உள்ளமைப்பை அறியும் உரிமை உண்டு என்பதே என் உறுதியான கருத்து. அதைத் தராதபோது நாமே தேடிக்கொள்வதில் பிழையில்லை.

ஒவ்வொரு காலும் என்ன செய்கிறது என்பதைத் திகதியிட்டுக் கொப்பியில் எழுதிவையுங்கள். அதே மொடல் வைத்திருக்கும் இன்னொருவருக்கு அந்தக் குறிப்பு கிடைக்கும்படி செய்யுங்கள். எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.