கலாசாலையில் ஆயுதபாணி புகுந்தால்

கலாசாலை என்பது மாணாக்கர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணாக்கர் எனப் பலரும் வந்து போதற்குரிய இடமாதலின், அதன் வாயில் பகல் முழுதும் திறந்தே கிடப்பது இயல்பு. அவ்வாயில் வழியே துப்பாக்கியோ அரிவாளோ ஏந்திய ஒருவன் உட்புகுவானாயின், உள்ளிருப்போர் செய்யத்தக்கது யாது? இவ்வினாவை எழுப்புதலே அபசகுனம் எனக் கருதுவாரும் உளர். தீப்பிடித்தால் செய்யவேண்டுவதைக் கற்பித்தல் அபசகுனம் அன்றாயின், இதுவும் அன்று.

நம் புதுக்கோட்டை ஜில்லாவிலுள்ள திருமயம் கோட்டையைக் காணாதார் நம்மில் சிலரே இருப்பர். ஒன்றனுள் ஒன்றாக ஏழு மதில்கள் அதற்கு இருந்தன என்பர். இன்று எஞ்சியன நான்கு. ஒரு மதிலே பகைவனை முற்றும் தடுத்துவிடும் என்றெண்ணி அவற்றை எடுத்தாரல்லர். ஒவ்வொரு மதிலும் அவனது காலத்தில் சிறிது பறிக்கும். அதற்குள் உள்ளிருப்போர் ஆயத்தமாவர். ஆயுதபாணி புகுந்த கலாசாலையிலும் நாம் தேடவேண்டுவது அக்காலமே. போலீஸார் வந்து சேரும் வரையுள்ள சில நிமிஷங்களை எவ்வாறேனும் பெறுதலே பாதுகாப்பு.

அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் என்னும் சர்வகலாசாலையில் 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் நிகழ்ந்தது இதனை நன்கு விளக்கும். அன்று காலை 7.15 மணியளவில் மாணவர் விடுதியொன்றில் இருவர் சுடப்பட்டனர். மாணாக்கர்க்கு முதல் எச்சரிக்கை மின்னஞ்சல் வழியே அனுப்பப்பட்டபோது மணி 9.26. அடுத்த அரை மணிக்குள் அதே கொலைஞன், நாரிஸ் ஹால் என்னும் கட்டிடத்தின் வாயில்களைச் சங்கிலியால் பிணைத்துவிட்டு, வகுப்பறைகளில் நுழைந்து 30 பேரைக் கொன்றான். அக்கட்டிடத்தின் 204ஆம் அறையில் லிவியு லிப்ரெஸ்கு என்ற முதிய பேராசிரியர், கதவைத் தம் உடலால் தாங்கி நின்று, மாணாக்கர் ஜன்னல் வழியே குதித்தோட இடந்தந்து உயிர் நீத்தார். 205ஆம் அறையினரோ பெரிய மேஜையொன்றைக் கதவோடு அணைத்து, தாழக் குனிந்து அதனைத் தள்ளிப் பிடித்தனர். கொலைஞன் கதவினூடே சுட்டும் அவ்வறையில் ஒருவரும் காயமுறவில்லை. பேராசிரியரது தியாகத்தை உலகம் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ஆயினும் நாம் முதற்கண் கற்கவேண்டிய பாடம் 205ஆம் அறையில் உளது என்பது எமது துணிபு.

நம் தேசத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. 2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு மும்பை காமா ஆஸ்பத்திரியில் துப்பாக்கி ஏந்தியவர் புகுந்தபோது, அஞ்சலி குல்தே என்னும் செவிலி வார்டின் கதவுகளைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, 20 கர்ப்பிணிப் பெண்களைச் சிறிய அறையொன்றில் மறைத்துக் காத்தார். அவர் கையில் ஆயுதம் யாதுமில்லை.

கதவில்லாத வெளியிடத்திலோ நிலைமை வேறு. 2005ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் மாலை, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மகாநாட்டுக்கு வந்திருந்தோர் மண்டபத்தினின்றும் வெளிவருங்கால் ஒருவன் சுட்டதில், டில்லிப் பேராசிரியர் எம். சி. பூரி மாண்டார், வேறு சிலர் காயமுற்றனர். வெளியிடத்தில் முதல் உபாயம் ஓடுதலே. புத்தகப் பையையும் செருப்பையும் தேடி நிற்றல் கூடாது. ஓட இயலாதவிடத்து மறைவும் காப்பும் வெவ்வேறு என்பதை நினைவிற்கொள்க. செடிப் புதர் நம்மை மறைக்கும், குண்டைத் தடுக்காது. கனத்த கற்சுவரும் செங்கற்சுவரும் இரண்டும் செய்யும்.

நிற்க. போலீஸாரை அழைப்பது யார் கடமை? 2008ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் சென்னை டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணாக்கருள் இரு சாரார் ஆயுதங்கொண்டு மோதியபோது, போலீஸார் வெளியே நின்று பார்த்திருந்ததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. கல்லூரித் தலைவரது அழைப்பின்றி உட்புகலாமா என்பது அப்பொழுது பெரும் விவாதமாயிற்று, நீதிபதி பி. சண்முகம் தலைமையில் விசாரணைக் கமிஷனும் அமைந்தது. உயிர் போகுங்கால் அழைப்பார் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தல் தகாது. அபாயத்தைக் கண்ட மாணாக்கன் எவனும், மாணவி எவளும், தம் உயிருக்கு ஓரிடம் தேடிக்கொண்டவுடன், 112 என்னும் எண்ணுக்குப் பேசலாம். எக்கட்டிடம், எத்தனை பேர், கையில் என்ன ஆயுதம் என்னும் மூன்றையும் சொன்னாற் போதும்.

இனி நம் பக்கத்துக் கட்டிடங்களை நோக்குவோம். நீண்ட தாழ்வாரமும் அதனையொட்டி வரிசையாக அறைகளும் உடையனவே பெரும்பாலும் காணப்படுகின்றன. ஜன்னல்களில் இரும்புக் கம்பி பதித்திருத்தலின், லிப்ரெஸ்குவின் மாணாக்கரைப் போலக் குதித்தோட வழியில்லை. ஆகவே கதவொன்றே கதி. பூட்டுதற்குரிய நாதாங்கியோ வெளிப்புறத்தில் இருக்கிறது. உட்புறத்துத் தாழ்ப்பாள் துருவேறியிருக்கும், அல்லது கழன்று போயிருக்கும். ஆண்டுதோறும் வெள்ளையடிக்கச் செலவிடும் நிர்வாகிகள் இத்தாழ்ப்பாளையும் ஒருமுறை தள்ளிப் பார்ப்பாராக. தாழிட்ட பின் பெஞ்சுகளைக் கதவோடு அடுக்கி, விளக்கை அணைத்து, கைபேசியின் ஓசையை அறவே நிறுத்தி, கதவுக்கு நேராக நில்லாது பக்கச் சுவரை ஒட்டித் தாழ அமர்தல் வேண்டும். கதவு உடையுமாயின், வேறு வழியற்ற அந்நிலையில் மாத்திரம், எல்லோரும் ஒருங்கே பாய்ந்து நாற்காலியோ கல்லோ கொண்டு தாக்குதல் தகும். தனியொருவன் வீரம் காட்டப் புகுதல் தகாது.

காயமுற்றார்க்குச் செய்யவேண்டுவதும் தெரிந்திருத்தல் நலம். பெருங்குருதி சில நிமிஷங்களிலேயே உயிரைப் போக்கும். துண்டோ தாவணியோ கிடைத்த சுத்தத் துணியைக் காயத்தின்மேல் வைத்து, இரு கைகளாலும் விடாது அழுத்துக. கை கால்களில் அவ்வாறு அழுத்தியும் குருதி நில்லாவிடின், காயத்துக்கு மேலே, மூட்டின்மேல் அன்றி, அகன்ற துணியை இறுகக் கட்டி, கோலொன்றைச் செருகி முறுக்கி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்க. வைத்தியர் கைக்குச் சேருமளவும் அதனைத் தளர்த்தலாகாது.

போலீஸார் வந்தபின்னும் அவசரம் கூடாது. அவர்களுக்கு நம்முள் யார் குற்றவாளி என்பது தெரியாது. கையில் யாதுமின்றி, விரல்களை விரித்துக் கைகளை உயர்த்தி, சொன்ன திசையில் நடக்கவேண்டும். ஓடிச் சென்று அவர்களைப் பற்றிக்கொள்ளலாகாது. வெளியிலிருந்து தட்டி, போலீஸார் வந்திருக்கிறோம் என்று கூறுவோன் கொலைஞனாகவே இருத்தலும் கூடும். ஆதலின் முன்னர்க் குறித்த 112க்கே மெல்லப் பேசி, கதவருகில் நிற்பவர் யாரென உறுதிப்பட்ட பின்னரே தாழ்ப்பாளை நீக்குக.