எதிரே யார் உட்கார்ந்தாலும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மகளிர் ஒற்றையர் கேரம் போட்டிக்கு உன் பெயர் கொடுத்தாச்சு என்று அம்மா சொன்னாள். "எதிர்ல பெரிய பிளேயர் வந்து உட்கார்ந்தா என்ன அத்தை பண்றது?" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பெரிய பிளேயர்களே உன் ஊர்ப் பக்கத்துக்காரர்கள்தான். திருவொற்றியூரில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புது வண்ணாரப்பேட்டை. அங்கே செரியன் நகரைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த 6-வது கேரம் உலகக் கோப்பையில் ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 17. தமிழக அரசு 1 கோடி ரூபாய் பரிசு கொடுத்தது. அவருக்கு முன்பே, 2008-ல், வியாசர்பாடி இளவழகி பிரான்சின் கான் நகரில் சக வீராங்கனை ரஷ்மி குமாரியை ஜெயித்து உலக சாம்பியன் ஆனார்.

நம் பக்கத்தில் கேரம் வளர்ந்ததற்குக் காரணம் உண்டு. மைதானம் வேண்டாம், உள்பக்கம் 74 சென்டிமீட்டர் சதுரமுள்ள ஒரு போர்டு, பவுடர், ஒரு பல்பு போதும். ஆனால் தெருமுனை மன்றத்தில் ஆண்கள் சூழ்ந்து நிற்கிற போர்டில் பெண் பிள்ளைக்கு இடம் கிடைப்பது லேசில்லை. வீட்டில் ஒருவராவது உறுதியாகக் கூட நிற்க வேண்டும். காசிமாவுக்கு அவர் அப்பாவே கேரம் சொல்லிக்கொடுத்தார். உனக்கு அம்மா இருக்கிறாள். அது பெரிய பலம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பதிலை வேறொரு ஆட்டத்திலிருந்து சொல்கிறேன். பெங்களூரு அதிதி அசோக் கோல்ஃப் ஆடுபவர். 2015-ல் பிரிட்டனில் மகளிர் அமெச்சூர் ஸ்ட்ரோக் பிளே பட்டம் வென்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கிற்குப் போனபோது உலகத் தரவரிசையில் 200-வது இடம். அம்மாவே பை தூக்கிக்கொண்டு கூட நடந்தார். முடிவில் நான்காம் இடம். ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது. 200-வது இடத்துப் பெண் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்? கோல்ஃபில் உன் பந்தை வேறு யாரும் தடுக்க முடியாது. கேரமிலும் ஸ்ட்ரைக்கர் உன் கையில் இருக்கும்வரை எதிராளி உன்னை ஒன்றும் செய்ய முடியாது. அவர் பெயரும் பட்டமும் போர்டுக்கு வெளியேதான்.

ஆகவே ஆளைப் பார்க்காதே, ஸ்கோரைப் பார். ஒரு உதாரணம். சிவப்புக் காயினான ரெட்டுக்கு 3 புள்ளி. அதைப் போட்டவுடன் ஃபாலோவாக உன் காயின் ஒன்றும் விழ வேண்டும். ஃபாலோவுக்கு ஒரு காயின் தயாராக இல்லாமல் ரெட்டில் கை வைக்காதே. ஃபாலோ தவறினால் ரெட் திரும்பவும் நடுவுக்கு வந்துவிடும், அடுத்த வாய்ப்பு எதிராளிக்கு. 25 புள்ளிக்கு ஆடுகிற கேமில் நீ 22-ஐத் தொட்டுவிட்டால் உனக்கு ரெட்டின் 3 புள்ளி கிடையாது. போர்டை ஜெயித்து, எதிராளிக்கு மிச்சமிருக்கும் காயினை எண்ணித்தான் வாங்க முடியும். ஆனால் எதிராளி 22-க்குக் கீழே இருந்தால் ரெட் அவருக்கு இன்னும் 3 புள்ளி. அவர் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் ஆட்டம்தான்.

இப்படிக் கணக்குப் போடுகிற மனதில் பயத்துக்கு இடம் இருக்காது. காயின் தவறினால் உதட்டைக் கடிக்காதே, முதுகை நிமிர்த்தி உட்கார். அவர் ஆடும்போது உன் அடுத்த காயினை யோசி.

ஜெயித்தாலும் தோற்றாலும், எந்த கட் ஷாட்டில் கை தவறியது, எந்த ஃபாலோ விழவில்லை என்று அன்றைக்கு ராத்திரியே நோட்டில் எழுதிவை. மறுவாரம் அதை மட்டும் பழகு. பெரிய பிளேயர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

அன்புடன்,
அத்தை